விரல் சொன்ன எண்

2019 ஜனவரி 17, வியாழக்கிழமை, காணும் பொங்கல். பகல் ஒரு மணிக்கு இசக்கியம்மாவை ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள். அன்று மலைப்பாதையில் சுற்றுலா வண்டிகள் பர்லியார் வரை ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. சைரன் சத்தம் ஒரு வளைவில் மறைந்தது, அடுத்த வளைவில் மறுபடி கேட்டது, பிறகு வெகுநேரம் ஒரே இடத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசலில் நின்ற தபித்தாள் சிஸ்டர் அது முழுதாக அடங்கும்வரை உள்ளே போகவில்லை.

இசக்கியம்மா மஞ்சூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர். வயது ஐம்பத்திரண்டு. சிறுநீர்த் தொற்று ரத்தத்தில் பரவியதால், குன்னூரில் உள்ள ஓர் அறக்கட்டளை மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாளாகக் கிடந்தார். ஆறு கட்டில்கள் மட்டுமே உள்ள சிறிய பிரிவு அது. அவருக்குச் சர்க்கரை நோயும் கொஞ்சம் உண்டு. அன்று காலை ஆறு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தபோது மீட்டர் 218 காட்டியது. ஒன்பது மணிக்கு 204. டாக்டர் சொன்னபடி தபித்தாள் இன்சுலின் அளவைக் கூட்டினார். பத்தே முக்காலுக்கு வலிப்பு வந்தது. உடனே மறுபடி விரலில் குத்தினார்: 126. ஆக, சர்க்கரை இறங்கி வந்த வலிப்பு இல்லை என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். வலிப்புக்கு மட்டும் ஊசி போட்டார்கள். அதே நேரத்தில் லேபுக்கு அனுப்பிய ரத்தத்தின் முடிவு பதினொன்றரைக்கு வந்தது. சர்க்கரை 38.

அதன்பிறகுதான் குளுக்கோஸ் ஏற்றினார்கள். முக்கால் மணி நேரம் போயிருந்தது. வலிப்பு நின்றிருந்தது, நினைவு மட்டும் திரும்பவில்லை.

மீட்டரில் 126, லேபில் 38. ஒரே உடம்பு, ஒரே நேரம். பணியில் இருந்த டாக்டர் கீர்த்திவாசன் கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயதுகூட ஆகாதவர். பண்டிகை நாளில் லேபில் ஒரே ஆள் என்பதால் ரத்தம் எடுத்த சிறு குழாய் மேசையில் கிடந்திருக்கும், கிடக்கிற ரத்தத்தில் சர்க்கரை தானாகக் குறையும், ஆகவே லேப் எண்தான் தவறு என்றார். கோப்பிலும் அப்படியே எழுதினார்.

தபித்தாள் அன்று மாலையே லேபுக்கு இறங்கிப் போனார். அங்கே டக்ளஸ் பதினெட்டு வருடமாக இருக்கிறார்.

"கெடந்தா கொறையும் சிஸ்டர். இல்லைங்கல. மணிக்கு நூத்துக்கு அஞ்சு, மிஞ்சினா ஏழு. நூத்தி இருவத்தாறு முப்பத்தெட்டா ஆகணும்னா என்ர மேசையில பொங்கல் முடிஞ்சு தைப்பூசம் வரைக்குமில்ல கெடக்கணும்."

"அப்ப மீட்டருதான் பொய் சொல்லிருக்குது."

"அத நீங்கதான் கேக்கோணும். அது உங்க ஊட்டுப் பிள்ள."

அவர் கேலியாகச் சொன்னாலும் அதில் உண்மை இருந்தது. மீட்டர் என்றால் தபித்தாள்தான். அப்போது அவருக்கு வயது நாற்பத்தாறு. தேயிலைத் தொழிற்சாலை ஃபிட்டரின் மகள். கோயம்புத்தூரில் நர்சிங் படித்துவிட்டு வந்து இருபத்திரண்டு வருடம் இதே கட்டடத்தில் வேலை. ஆறு வருடம் நாடு நாடாகச் சுற்றிவிட்டு அந்த மார்ச்சில் ஊர் திரும்பிய நான் அவர் வீட்டு மாடியில் குடியேறினேன். அங்கிருந்து பார்த்ததையும், அவரும் மற்றவர்களும் எனக்குச் சொன்னதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

குன்னூரின் குளிரில் நோயாளியின் விரலில் குத்தினால் லேசில் ரத்தம் வராது. கொழுந்து எடுக்கும் பெண்களின் விரல்நுனி செருப்புத் தோல்போலக் காய்ப்பேறி இருக்கும். மற்ற நர்சுகள் மூன்று விரலில் குத்தியும் வராதபோது தபித்தாளைக் கூப்பிடுவார்கள். அவர் நோயாளியின் உள்ளங்கையிலிருந்து கட்டைவிரலால் அழுத்தி வழித்துக்கொண்டே வந்து நுனியில் ஒரு துளியை நிறுத்துவார். வார்டில் அதற்குக் 'கறக்கிறது' என்று பெயர். "தபித்தாள் சிஸ்டர் கை வெச்சா கல்லும் கறக்கும்" என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்வார்கள். அவருக்கும் அதில் பெருமை உண்டு.

பிப்ரவரியில் ஒரு காலை, மீட்டரில் செருகும் புதிய பரிசோதனைப் பட்டைகள் வார்டுக்கு வந்தன. இளைய நர்ஸ் அலீனா, கூடலூர்ப் பெண், ஒரு பெட்டியைப் பிரித்து உள்ளிருந்த விளக்கத்தாளை எட்டாக மடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனாள். பழைய மரச் சட்டங்கள் காற்றில் கடகடவென்று ஆடுவதால் இடுக்கில் தாள் செருகுவது அந்த வார்டின் வழக்கம். பெட்டிக்கு ஒரு தாள் வருகிறது, அளவும் சரியாக இருக்கிறது. வருடக்கணக்காக எல்லோரும் அதைத்தான் செய்தார்கள். தபித்தாளும் செய்திருக்கிறார்.

"அதக் கொண்டா இங்க."

"ஐயோ சிஸ்டரே, இது அந்த மெஷின் பேப்பராக்கும். ஒண்ணுமில்ல இதில."

"என்ன எழுதிருக்குதுன்னு எப்பவாச்சும் பாத்திருக்கியா?"

"ஜன்னலுக்குப் பத்துமான்னு மட்டும் நோக்கிட்டுண்டு."

எழுத்து எறும்பைவிடச் சிறிதாக இருந்தது. அலீனாவின் செல்போனில் படமெடுத்துப் பெரிதாக்கிப் படித்தார்கள். ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு முப்பதுக்குக் குறைந்தால் கருவி உள்ளதைவிடக் கூடுதலான எண் காட்டலாம். ரத்த அழுத்தம் விழுந்தவர்கள், கைகால்களுக்கு ரத்த ஓட்டம் குறைந்தவர்கள் ஆகியோரின் விரல் ரத்தத்தை இதில் சோதிக்கக் கூடாது. தாளின் மூன்றாவது பத்தி அது.

தபித்தாள் பதிவறைக்குப் போய் இசக்கியம்மாவின் கோப்பை எடுத்தார். சிவப்பணுக்களின் பங்கு: 17. முக்கால்வாசிப் பெண்களுக்கு ரத்தசோகை இருக்கிற எஸ்டேட் பக்கத்தில் அந்த எண்ணைப் பார்த்து யாரும் திடுக்கிடுவதில்லை. ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து நான்கு நாளும் ஓடியிருந்தது. அந்த மருந்து இதயத்தையும் மூளையையும் காப்பாற்றுவதற்காக விரல்களுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துவிடும். ரத்தம் வராத அந்த வீங்கிய, குளிர்ந்த விரலைத்தான் அவர் கறந்திருந்தார். வந்த துளியில் பாதி வீக்கத்தின் நீராகவே இருந்திருக்கும். மற்றவர்கள் கைவிட்டிருந்தால் லேபுக்கு அனுப்பியிருப்பார்கள். அவர் கைவிடவில்லை. அவருடைய கெட்டிக்காரத்தனம்தான் அந்த எண்ணைக் கொண்டுவந்தது.

அன்று அவர் ஜன்னலில் இருந்த பதினொரு தாள்களையும் உருவி எடுத்தார். நாள் முழுக்க ஜன்னல் ஆடியது.

"என்ன சிஸ்டர், ரயில்ல உக்காந்த மாதிரி இருக்குது?" என்றார் கீர்த்திவாசன்.

"அடச்சு வெச்சிருந்த பேப்பரப் படிச்சிட்டிருக்கேன் டாக்டர். நீங்களும் படிக்கிறீங்களா?"

அவர் படித்தார். "எல்லா மெஷின்லயும் இப்படி ஒரு பேப்பர் போடுவாங்க சிஸ்டர், கேஸ் வரக் கூடாதுன்னு. உலகம் பூரா ஐசியூவுல விரல்லதான் குத்தறாங்க" என்றார். மருத்துவக் கண்காணிப்பாளர் ஹெர்பர்ட்டும் தாளைப் பொறுமையாகப் படித்தார். ஒரே ஒரு நோயாளியை வைத்து நடைமுறையை மாற்ற முடியாது என்றார். குடும்பத்தாரிடம் இதைப் பற்றிப் பேசப் போக வேண்டாம் என்றும் சொன்னார்.

அடுத்த விடுமுறை நாளில் தபித்தாள் மஞ்சூர் பஸ் ஏறினார்.

கோயம்புத்தூரிலிருந்து திரும்பிய இசக்கியம்மா, எஸ்டேட் லைன் வீட்டு வாசலில் கம்பளி போர்த்தி வெயிலில் உட்கார்ந்திருந்தார். கையில் கொடுத்த டீயை என்ன செய்வது என்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் ராஜப்ரியா டம்ளரை வாங்கி வாயில் வைத்ததும் குடித்தார். ராஜப்ரியா மஞ்சூர்க் கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தவள். அம்மாவைப் பார்த்துக்கொள்ள அதை மூடிவிட்டிருந்தாள்.

"ஐசியூ சிஸ்டருங்கதானே? உக்காருங்க. அம்மாவுக்கு ஆளத் தெரியாது, தப்பா எடுத்துக்காதீங்க."

தபித்தாள் உட்காராமலே சொன்னார். "அன்னிக்கு அம்மாவுக்குச் சர்க்கரை ரொம்பக் கம்மியா இருந்துச்சுங்க. மீட்டர் அதிகமாக் காட்டுச்சு. அத நம்பி இன்சுலினக் கூட்டினது நான். வலிப்பு வந்தப்பவும் அதையே நம்பினேன்."

ராஜப்ரியா டம்ளரைக் கீழே வைத்தாள். "டாக்டர் சொல்லித்தானே கூட்டினீங்க?"

"நான் குடுத்த நம்பர வெச்சுத்தான் அவரு சொன்னாரு."

"ஆசுபத்திரியில அனுப்பிவிட்டாங்களா?"

"போக வேண்டாம்னு சொன்னாங்க."

"அப்ப வேலை போயிருமே உங்களுக்கு."

"போனாலும் போகலாம்."

கீழே தொழிற்சாலையில் சங்கு ஊதியது. இசக்கியம்மா மகளைத் திரும்பிப் பார்த்து, "யாரு புள்ள நீ?" என்றார்.

"கேட்டுக்கிட்டீங்களா? தெனமும் இருவது தடவ. நீங்க வந்து மன்னிப்புக் கேட்டா இது நிக்குமா? நிக்காது. கேஸ் போடறதா வேண்டாமான்னு நான் அப்புறம் யோசிச்சுக்கறேன். இப்ப ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எங்கம்மா படுத்திருந்த கட்டில்ல இன்னிக்கு யாரு படுத்திருக்காங்களோ, அவங்களுக்கு எதுல பாக்கறீங்க?"

"அதே மீட்டர்லதான்."

"அப்ப இங்க என்ன பண்றீங்க? நாலு மணிக்குப் பஸ் இருக்குது."

தபித்தாள் அந்தப் பஸ்ஸைப் பிடித்தார். மறுநாள் ஹெர்பர்ட்டின் அறைக்குப் போய், மஞ்சூர் போய்வந்ததை முதலில் சொன்னார். அதற்கு மெமோ வரும் என்றார் ஹெர்பர்ட். வரட்டும் என்றார் தபித்தாள். பிறகு தனக்கு வேண்டியதைக் கேட்டார். பிரிவில் இருக்கும் எல்லா நோயாளிகளுக்கும், விரலில் குத்தும் அதே நிமிடம் ரத்தக் குழாயிலிருந்து ஒரு மில்லி எடுத்து லேபுக்கு அனுப்ப வேண்டும். உறவினரைக் கேட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டும். மூன்று மாதம். "ஒரு நோயாளிய வெச்சு மாத்த முடியாதுன்னீங்க டாக்டர். எத்தன பேர வெச்சு முடியும்னு நான் பாக்கறேன்."

ஹெர்பர்ட் அனுமதித்தார். மெமோவும் கொடுத்தார்.

ரத்தம் கிடந்ததால் குறைந்தது என்ற பேச்சே வரக் கூடாது என்பதற்காக, சர்க்கரையைக் குறையவிடாத மருந்து தடவிய சாம்பல் நிற மூடிக் குழாய்களை மட்டுமே டக்ளஸிடம் கேட்டு வாங்கினார். ஒவ்வொரு குழாயையும் அவரோ அலீனாவோ கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினார்கள். எடுத்த நேரம், லேபில் கொடுத்த நேரம், இரண்டும் நோட்டில் ஏறின. மீட்டர் எண், லேப் எண், கை சூடா குளிரா, வீக்கம் உண்டா, சிவப்பணு எவ்வளவு, எந்த மருந்து ஓடுகிறது. விரலைக் கறப்பதை நிறுத்தினார். மற்றவர்களையும் நிறுத்தச் சொன்னார். தானாக வரும் துளி மட்டும்தான், வராவிட்டால் 'வரவில்லை' என்று எழுது என்றார். இது வார்டில் பலருக்குப் பிடிக்கவில்லை. லேப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் கீர்த்திவாசன், "பி.எச்.டி. எப்ப முடிப்பீங்க?" என்று கேட்பார். "நீங்க கையெழுத்துப் போட்டு முடிச்சதும்" என்பார் இவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் நோட்டை என் மாடிக்குக் கொண்டுவருவார். அவர் படிக்கப் படிக்க நான் கணினியில் ஏற்றுவேன். இரண்டு எண்ணும் ஒத்துப்போன வரிகளையும் அதே குரலில் படிப்பார். எதையும் விட்டுவிட விடமாட்டார்.

மே மாதம் மூன்றாவது வாரம் ஆறுச்சாமி வந்தார். நடுவட்டத்தில் சாலையோரம் மளிகைக்கடை வைத்திருப்பவர், அறுபது வயது. வயிற்றில் குடல் ஓட்டை விழுந்து அறுவைச் சிகிச்சை முடிந்தவர். மூச்சுக் கருவியில் மயக்கத்தில் இருந்தார். கை ஐஸ்போலக் குளிர்ந்திருந்தது. காலை பத்து மணிக்கு மீட்டர் 203 என்றது.

"இன்சுலின் ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார் கீர்த்திவாசன்.

"லேபுக்கு அனுப்பியிருக்குது டாக்டர். இருவது நிமிஷம்."

"நூத்தி எம்பதுக்கு மேல போனா ஸ்டார்ட் பண்ணணும். புத்தகத்துல இருக்குது."

"இருக்குதுங்க. எந்த ரத்தத்துல பாத்து நூத்தி எம்பதுன்னு அந்தப் புத்தகத்துல என்ன போட்டிருக்குது?"

"சிஸ்டர், இது என் ஆர்டர்."

"ஷீட்டுல எழுதுங்க டாக்டர். நான் ஏன் போடலைன்னு அதுக்குக் கீழ எழுதிக் கையெழுத்துப் போடறேன். ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கட்டும்."

அலீனா அதற்குள் படியில் ஓடிக்கொண்டிருந்தாள். கீர்த்திவாசன் எழுதினார். தபித்தாளும் எழுதினார், நேரம் போட்டு. பிறகு இருவரும் கட்டிலின் இருபுறமும் நின்றார்கள். கீர்த்திவாசன் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்து இருபத்து நான்குக்கு டக்ளஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். அதை எடுத்தவர் கீர்த்திவாசன்.

"எவ்வளவு?" என்றார் தபித்தாள்.

"எழுபத்தி நாலு."

அவர் ரிசீவரை வைக்காமலே நின்றார். இன்சுலின் ஏறியிருந்தால் ஆறுச்சாமி அரை மணியில் எங்கே போயிருப்பார் என்று அவருக்குக் கணக்குத் தெரியும். தாளை எடுத்துத் தன் ஆர்டரை ஒரே கோட்டால் அடித்தார். கொஞ்ச நேரம் கழித்து, தணிந்த குரலில், "இசக்கியம்மா ஃபைல் எங்க இருக்குது?" என்று கேட்டார். பதிவறையில் அன்று மாலை வெகுநேரம் உட்கார்ந்திருந்தார் என்று அலீனா சொன்னாள்.

ஜூனில் கூட்டம் நடந்தது. ஹெர்பர்ட் நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். சம்மதம் கிடைத்து, தபித்தாளோ அலீனாவோ பணியில் இருந்த நேரங்களில், அறுபத்து மூன்று முறை இரண்டு விதமாகவும் பார்த்திருந்தார்கள்.

"இதுல நாப்பத்தொண்ணு சரியாத்தானே இருக்குது, தபித்தாள்?"

"ஆமாங்க டாக்டர். கை சூடா, வீக்கமில்லாம, ரத்தம் நல்லா இருக்கிறவங்களுக்கு மீட்டர் நல்ல மெஷின்தான். அத நான் தூக்கிப் போடச் சொல்லல. தப்பா வந்த இருவத்திரண்டுல பத்தொம்போது, கை ஜில்லுன்னு இருந்தவங்க, இல்லைன்னா ரத்தம் கம்மியானவங்க."

"மிச்சம் மூணு?"

"தெரியலைங்க."

அந்தப் பதிலுக்குப் பிறகுதான் ஹெர்பர்ட் பேனாவை எடுத்தார் என்று டக்ளஸ் பின்னால் சொன்னார். லேபில் ராத்திரிக்கு ஆள் இல்லையே, வேலை கூடுமே என்றெல்லாம் பேச்சு வந்தது. சாம்பல் மூடிக் குழாய் வந்தால் எந்த வேலையையும் நிறுத்திவிட்டு அதை முதலில் பார்ப்பதாகவும், இரவுக்கும் ஆள் போட ஏற்பாடு செய்வதாகவும் டக்ளஸ் ஒப்புக்கொண்டார். மூன்று வரி எழுதினார்கள். கை குளிர்ந்தவர், வீங்கியவர், ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து ஓடுபவர், சிவப்பணு முப்பதுக்குக் கீழே உள்ளவர் ஆகியோருக்கு விரல் ரத்தம் வேண்டாம். அவர்களுக்கு லேப் எண் வராமல் இன்சுலின் தொடங்கவோ கூட்டவோ கூடாது. விரலைக் கறக்கக் கூடாது. நான்காவது வரியைக் கீர்த்திவாசன் கேட்டுச் சேர்த்தார்: வலிப்போ காரணம் தெரியாத மயக்கமோ வந்தால், மீட்டர் என்ன சொன்னாலும், லேபுக்கு ரத்தம் எடுத்த கையோடு குளுக்கோஸ் கொடுத்துவிட வேண்டும்.

தபித்தாள் அதே கூட்டத்தில் இன்னொன்றும் கேட்டார். ராஜப்ரியாவுக்கு மருத்துவமனை நடந்ததை எழுத்தில் சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் நான்கு மாதம் பிடித்தது. வாரம் ஒருமுறை ஹெர்பர்ட்டின் அறை வாசலில் போய் நின்றார். கடைசியில் கடிதம் போயிற்று. மேற்கொண்டு ஆகும் மருத்துவச் செலவை மருத்துவமனை ஏற்றது. ராஜப்ரியா வழக்குப் போடவில்லை, பதிலும் எழுதவில்லை. இசக்கியம்மா 2021இல் இறந்தார். கடைசிவரை மகளை அடையாளம் தெரியவில்லை. தபித்தாள் அடக்கத்துக்குப் போனார். மெமோ திரும்பப் பெறப்படவில்லை, அவருடைய பணிப்பதிவேட்டில் இன்றும் இருக்கிறது.

கொரோனா வந்தபோது பிரிவு நிரம்பி வழிந்தது. கொடுத்த மருந்தால் பலருக்குச் சர்க்கரை தாறுமாறாக ஏறியது. ஆள் போதாத அந்த மாதங்களில் நான்கு வரியை விட்டுவிடலாம் என்று சொன்னவர்கள் உண்டு. தபித்தாள் பாதுகாப்பு உடைக்குள் வியர்த்துக்கொண்டு குழாயோடு படியிறங்குவதை நிறுத்தவில்லை. கீர்த்திவாசன் மேற்படிப்புக்குப் போனார். அலீனா கூடலூரில் வேறொரு மருத்துவமனைக்குப் போய், பிறகு அங்கிருந்தும் வெளிநாடு போனாள்.

2022 நவம்பரில் ஒரு மதியம், தெரியாத எண்ணிலிருந்து தபித்தாளின் செல்போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவர் மாடிக்கு ஏறிவந்து என்னிடம் காட்டினார்.

"வணக்கம் சிஸ்டர். நான் கூடலூர்ல ஒரு ஆஸ்பத்திரி ஐசியூவுல ஸ்டாஃப் நர்ஸ். உங்களுக்கு என்னைத் தெரியாது. அலீனா சேச்சி இங்க இருந்தப்ப நாலு வரி எழுதி சுவத்துல ஒட்டினாங்க, உங்க போன் நம்பரும் அவங்கதான் குடுத்தாங்க. இன்னிக்குக் காலைல ஒரு பேஷண்டுக்கு மீட்டர் 207. கை ரொம்பத் தணுப்பு. இன்சுலின் போடாம லேபுக்கு அனுப்பினேன். 58. டாக்டர் ஒண்ணும் சொல்லல, பக்கத்து பெட்டுக்கும் லேபுக்கு எழுதினார். ஒரு சந்தேகம் சிஸ்டர். ரெண்டு கையிலயும் குளுக்கோஸ் ஓடற பேஷண்டுக்கு ரத்தம் எங்கிருந்து எடுக்கணும்? அது அந்த நாலு வரியில இல்ல."